சுண்ணாம்புக் கறை

பள்ளி வேனில் எந்தப் பிள்ளையாவது வாந்தி எடுத்துவிட்டால், அந்தப் பிள்ளையைத் திட்டித் தீர்க்கிற ஆள் நான். வாந்தி எங்கே என்று கேட்டுக்கொண்டு வருகிற ஆள் அக்கா. மலேசியாவின் ஈப்போ நகரில், எங்கள் அடுக்குமாடியில் எனக்கு அடுத்த வீடு. நான் வேனைக் கீழே நிறுத்திவிட்டு, வாளியும் துணியுமாக முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பேன். என் தோள் உயரம்கூட இல்லாத அந்த மனுஷி என்னை இடுப்பால் இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே ஏறுவார்.

"தள்ளு தங்கச்சி. ஒனக்கு வேன் ஓட்டத்தான் தெரியும். கறை எடுக்கத் தெரியாது லா."

முதலில் சுடுதண்ணீர், பிறகு சோடா மாவு, பிறகு எலுமிச்சை. கடைசியில் பல் துலக்கித் தேய்ந்துபோன பழைய பிரஷ். இருக்கையின் தையலுக்குள் அதை விட்டு, தோள்பட்டை எலும்பு சட்டைக்குள் ஏறி இறங்க, அமுக்கித் தேய்ப்பார். "போதும்கா, காஞ்சா தெரியாது" என்று நான் சொன்னால் போச்சு, கோபம் வந்துவிடும்.

"போவாத கறைன்னு ஒன்னு கெடையாது. அமுக்கித் தேய்க்க மாட்டாத கையிதான் இருக்கு."

இதை அவர் எத்தனை முறை சொல்லி நான் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. மின்தூக்கியின் சுவரில் எவனோ மார்க்கர் பேனாவால் கிறுக்கியிருந்தால் இதைச் சொல்வார். கோயில் திருவிழா முடிந்து படியெல்லாம் எண்ணெய்ப் பிசுக்காகக் கிடந்தால், யாரும் கூப்பிடாமலே போய் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டு இதைச் சொல்வார். ஒரு பெரிய பேரங்காடியில் துப்புரவு வேலை அவருக்கு. விடிவதற்குள் முதல் பிள்ளையை ஏற்றப் போகும் வழியில் நான்தான் அவரை இறக்கிவிடுவேன். சீருடைச் சட்டையில் பெயர் தைத்திருந்தது. அங்கே அதை ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை. "ஆன்ட்டி", "ஹலோ" என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எனக்கு அவர் அக்கா. அவ்வளவுதான்.

வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். என் வாய் சும்மா இருக்காது. குறுக்கே வரும் மோட்டார்காரனை, அவனுக்கு லைசென்ஸ் கொடுத்தவனை, அவனைப் பெற்றவளை என்று வரிசையாகத் திட்டிக்கொண்டு போவேன். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பார். சிரிக்கும்போதெல்லாம் கை வாய்க்குப் போய்விடும். கூச்ச சுபாவம் என்றுதான் முதலில் நினைத்தேன். பழகிய பிறகுதான் காரணத்தைச் சொன்னார்.

சுங்கை சிப்புட்டைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தாய் சீக்கிரமே போய்விட, வளர்த்தது மூத்த சகோதரி. அந்த அம்மாளை நாங்கள் எல்லாரும் பெரியக்கா என்போம். பெரியக்கா பால்மரத்துப் பட்டை வெட்டப் போகும்போது இந்தச் சின்னதையும் இருட்டோடு கூட்டிக்கொண்டு போவாராம். வெட்டி முடித்து, பால் எடுத்து, நிறுத்துப் போட்ட பிறகுதான் பசியாற முடியும். அதற்குள் பசியில் சின்னது அழும். பெரியக்கா மடியிலிருந்து வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவி, பாக்குத் துண்டோடு கன்னத்தில் ஒதுக்கிவிடுவார். "மென்னுக்கிட்டே இரு. பசி தெரியாது." அன்று கன்னத்தில் ஏறியது, கல்யாணமாகி, ஒரு மகளைப் பெற்று, லாரி ஓட்டப் போன புருஷன் வேறொரு குடும்பத்தோடு தங்கிவிட்ட பிறகும் இறங்கவில்லை. தோட்டத்தை எண்ணெய் எடுக்கிற செம்பனைக்கு மாற்றி, பிறகு வீடு கட்ட விற்று, ஆட்கள் ஆளுக்கொரு திசையாகச் சிதறியபோது, அக்கா மகளை இழுத்துக்கொண்டு ஈப்போவுக்கு வந்தார். வெற்றிலைப் பெட்டியும் கூடவே வந்தது.

பேரங்காடியில் சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறான். அவனும் தமிழன்தான். "மேல்மாடி ஆபீசுக்கு இந்த வெத்தல வாயோட போவ முடியாது. பாக்கறவன் என்னா நெனைப்பான்? தோட்டத்து ஆளுன்னு எழுதி ஒட்டுன மாதிரி இருக்கு." அன்று சாயங்காலமே பெட்டியைக் குப்பைக் குழாயில் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு தொடவே இல்லை. தலைவலி, கைநடுக்கம் எல்லாம் வந்ததாம். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டார். அந்த வைராக்கியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது.

விட்டதோடு நின்றிருக்கலாம். கறை இருந்ததே! கரி, உப்பு, சாம்பல் என்று ஒன்று விடாமல் தேய்த்தார். ஒருமுறை கழிவறை கழுவும் தூளைத் தொட்டுத் தேய்த்து, உதடெல்லாம் வெந்து போனது. கடைசியில் பல் வெளுத்தது. வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை, அவர் கழுவுகிற பேரங்காடிக் கைகழுவும் தொட்டி மாதிரி. ஆனால் ஈறு மேலேறி, பல்லின் வேர் தெரிய ஆரம்பித்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் துள்ளுவார். அப்போதும் சிரித்தால் கை வாய்க்குப் போனது. கறை போய்விட்டதென்று அவர் கைக்கு இன்னும் தெரியவில்லை.

மகள் தஞ்சோங் மாலிம் பக்கம் கார் தொழிற்சாலையில் வேலைக்குப் போனாள். அங்கேயே ஒரு பையனைப் பிடித்துப்போனது. நல்ல பையன். சிம்பாங் பூலாய்க்காரர்கள், நாற்காலி மேசை விற்கிற கடை வைத்திருப்பவர்கள். பேசி முடிக்க வந்தபோது தேநீர் கலக்கியது நான்தான். சாப்பாடு முடிந்து தாம்பூலத் தட்டு சுற்றி வந்தது. அக்கா அதை வாங்கி, அப்படியே அடுத்தவரிடம் தள்ளினார். பையனின் அத்தை ஒருத்தி, வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு சிரித்தாள்.

"என்னாங்க சம்பந்தி, தோட்டத்துல பொறந்துட்டு வெத்தல போடாத ஆளா? எங்க, வாயைக் காட்டுங்க பாப்போம்!"

எல்லாரும் சிரித்தார்கள். கேலிக்குச் சொன்னதுதான், அந்த அத்தை மனதில் ஒன்றுமில்லை. அக்காவும் சிரித்தார், வாயைப் பொத்திக்கொண்டு. அவர்கள் போன பிறகு பாத்திரம் எடுக்கப் போனேன். குளியலறைக் கண்ணாடி முன்னால் உப்பும் பிரஷ்ஷுமாக நின்றுகொண்டிருந்தார். எச்சில் சிவப்பாகத் தொட்டியில் இறங்கியது.

"யக்கா, ஒங்களுக்குப் பைத்தியமா? அது கேலிக்குச் சொன்னது!"

"தெரியும் லா. கேலிதான்" என்றவர் மறுபடி பிரஷ்ஷை வாய்க்குள் விட்டார்.

அந்தத் தொட்டிச் சிவப்பை மகளும் பார்த்திருக்கிறாள். அடுத்த முறை வந்தபோது ஒரு பெட்டியைக் கொண்டுவந்து தாய் கையில் கொடுத்தாள். மின் பல்துலக்கி. அவளுடைய பல் டாக்டர் அவளை மாற்றச் சொல்லி, அவள் மாற்றி, அவளுக்கு நன்றாக இருந்ததாம். "கையால அமுக்க வேண்டாம்மா. சும்மா பல்லு மேல வெச்சா போதும், அதுவே தேய்க்கும். ஈறுக்கு நல்லது" என்று பொத்தானைக் காட்டிக் கொடுத்துவிட்டு, மறுநாள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். பெட்டிக்குள் இருந்த விளக்கத் தாளில் தமிழைத் தவிர எல்லா மொழியும் இருந்தது.

முதல் நாள் கூத்தை மறக்க முடியாது. பசையை வைத்து, வாய்க்குள் விடுவதற்கு முன்பே பொத்தானை அமுக்கிவிட்டார். பசை கண்ணாடி, சுவர், கூரை, என் முகம் என்று பாரபட்சமில்லாமல் தெறித்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, அக்கா பல்லை மறந்து கூரையைத் துடைக்க நாற்காலி தேடினார். ஆனால் பழகியதும் அதன்மேல் உயிரையே வைத்துவிட்டார். "கரண்டு பிரஷ்" என்று பெயர் வைத்தார். விடிவதற்கு முன் சுவருக்கு அந்தப் பக்கம் வண்டு மாதிரி அது கத்துவது என் அறையில் கேட்கும். சற்று நேரத்தில் தானாக நிற்கும். உடனே மறுபடி கத்தும். நிற்கும். மறுபடி. எனக்கு அலாரமே தேவைப்படவில்லை.

ஒரு நாள் வேனில் ஏறியதுமே ஆரம்பித்தார். "தங்கச்சி, என் பிரஷ்ஷு அழுக்கக் கண்டுபிடிக்குது, தெரியுமா?"

"என்னாக்கா சொல்றீங்க?"

"பல்லுல வெச்சா பச்சையா ஒரு லைட்டு எரியும். அழுக்கு இருக்கற எடத்துல செவப்பா மாறிரும். எங்க மேல்மாடி மிஷினு மாதிரியே."

மேல்மாடி ஆபீசுக்கென்று நிறுவனம் புதிதாக ஒரு தரை கழுவும் இயந்திரம் வாங்கியிருந்தது. தரையில் அழுக்கு இருந்தால் சிவப்பு வளையம் எரியும். சுத்தமாகிவிட்டால் நிறம் மாறும். சிவப்பு எரிகிற இடத்தில் நின்று, மாறும்வரை தேய்க்க வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அக்கா அந்த இயந்திரத்தில் கெட்டிக்காரி. அதே கணக்கை வாய்க்குள்ளும் போட்டார். சிவப்பு எரிந்தால் இன்னும் அமுக்குவார். கை ஓய்ந்து பிடி தளரும்போது விளக்கு பச்சையாகும். "போயிருச்சு, பாத்தியா?" என்று அடுத்த பல்லுக்குப் போவார். எனக்கென்ன தெரியும்? நான் சாதா பிரஷ்காரி. மகளுக்கும் தெரியாது. அவள் பூப்போலத் தேய்க்கிறவள், அவள் பிரஷ்ஷில் அந்தச் சிவப்பு எரிந்ததே கிடையாது.

கல்யாணத்துக்குத் தை மாதத்தில் நாள் குறித்தார்கள். புரட்டாசி விரதம் முடிந்த சமயம் என்று நினைக்கிறேன், வேனில் என் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக் கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாக்கா அது?"

"ஒன்னுமில்ல லா. சுண்ணாம்புக் கறை. பழசு. பல்லுல இருந்தது போயிருச்சு, இது உள்ளுக்குள்ள ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குது."

சாலை ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்த்தேன். கடைவாய்க்குப் பக்கத்தில், கன்னத்தின் உள்பக்கம், வெள்ளையாக ஒரு திட்டு. ஓரமெல்லாம் சிவந்து புண்ணாகியிருந்தது.

"கறையா? வெத்தல போட்டு எத்தனை வருஷமாச்சு! சுண்ணாம்பு அப்படியே இருக்குமா? டாக்டர்கிட்ட போலாம், இன்னைக்கே."

"டாக்டர் என்னா செய்வாரு? பிரஷ்ஷே காட்டிக் குடுக்குதே. அந்த எடத்துல வெச்சா செவப்பு. எப்ப வெச்சாலும் செவப்பு. தேய்ச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். கொஞ்சம் கொஞ்சமா வந்துரும்."

கத்தினேன். பின்னால் பிள்ளைகள் யாரும் இல்லாததால் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக் கத்தினேன். அக்கா சீருடைச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கல்யாணம் முடியட்டும் தங்கச்சி. இப்போ ஆஸ்பத்திரி, கார்டு, அது இதுன்னு போனா அவங்க காதுக்குப் போவும். தாய்க்காரிக்கு வாயில நோவு, வெத்தல போட்டு வந்த நோவுன்னு பேசுவாங்க. பாப்பா தலை குனிஞ்சு நிக்கணும். முடியட்டும். வாரேன் ஒன்கூட. சத்தியமா வாரேன்."

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் அதே பாட்டுத்தான். அவர் பதிலும் அதேதான். நாசி லெமாக் வாங்கினால் காரச் சம்பலை ஒதுக்கினார். பிறகு சோற்றையே ஒதுக்கினார். ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுங்கினார். கடித்த ரொட்டியில் ரத்தம் இருந்தது. அதைக் காட்டினால், "நேத்து கொஞ்சம் கூட அமுக்கிட்டேன்" என்பார். காதுவரைக்கும் குத்துகிறது என்று ஒரு நாள் தவறி வாயைவிட்டுச் சொன்னார். மகளிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். "சொல்லு. சொன்னா அவ கல்யாணத்தைத் தள்ளிப் போடுவா. அப்புறம் நான் இருந்து என்னா பிரயோசனம்?" என்றார். என்ன சொல்வது இந்த மனுஷியிடம்! சுவருக்கு அந்தப் பக்கம் வண்டு கத்திக்கொண்டே இருந்தது. நிற்கும். மறுபடி கத்தும்.

கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. அக்கா மெரூன் பட்டுப்புடவை கட்டியிருந்தார். படம் எடுக்கிறவன் "அம்மா, சிரிங்க" என்று கெஞ்சியபோது, அன்றைக்கு மட்டும் கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். அந்தக் கேலி பேசிய அத்தையே என் பக்கத்தில் நின்று, "சம்பந்தியம்மா பல்லைப் பாருங்களேன், முத்து மாதிரி" என்றாள். அக்காவின் காதில் விழுந்தது. முகம் மலர்ந்து போனது. பந்தியில் எல்லாரையும் உபசரித்துக்கொண்டு திரிந்தவர், தான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

சொன்ன சொல் தவறவில்லை. மகள் புருஷன் வீட்டுக்குப் போன கையோடு என்னுடன் அரசாங்கப் பல் கிளினிக்குக்கு வந்தார். டாக்டர் ஒரு மலாய்ப் பெண், சின்ன வயசு. வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, ஒரு துணித்துண்டால் அந்த வெள்ளையை லேசாக ஒற்றிப் பார்த்தார். வரவில்லை. கழுத்தைத் தடவிப் பார்த்தார். அதுவரை "மக்சிக், மக்சிக்" என்று அத்தை முறை சொல்லிக் கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று உள்ளே போய் இன்னொரு மூத்த டாக்டரைக் கூட்டி வந்தார். வெற்றிலை போடும் பழக்கம் உண்டா என்று மலாயில் கேட்டார்கள்.

"இல்லை" என்றார் அக்கா.

"இருந்துச்சு டாக்டர். சின்ன வயசுலேர்ந்து. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி விட்டுட்டாங்க" என்றேன் நான். அக்கா என் தொடையில் கிள்ளினார்.

பிறகு, பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருந்த கரண்டு பிரஷ்ஷை எடுத்து மேசைமேல் வைத்தார். இதைத்தான் பயன்படுத்துகிறேன், தினமும் சுத்தமாகத் தேய்க்கிறேன் என்று டாக்டரிடம் மலாயில் சொன்னார். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்க நினைக்கிற மாணவி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் அதைக் கையில் எடுத்தார். பிரஷ்ஷின் தலை நசுங்கி, முடியெல்லாம் நாலா பக்கமும் படுத்துக் கிடந்தது. பொத்தானை அமுக்கித் தன் கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்து அழுத்தினார். சிவப்பு எரிந்தது.

இது எதற்கு எரிகிறது என்று தெரியுமா என்று கேட்டார்.

"அழுக்கு இருக்கற எடம்" என்றார் அக்கா.

டாக்டர் தலையை மெல்ல ஆட்டினார். இல்லை மக்சிக், ரொம்ப பலமாக அழுத்துகிறீர்கள், ஈறு புண்ணாகும், நிறுத்துங்கள் என்று அது எச்சரிக்கிறது என்றார். அக்காவுக்கு மலாய் என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் என் பக்கம் திரும்பி, "என்னா சொல்றாங்க?" என்று கேட்டார்.

"அமுக்காத, நிப்பாட்டுன்னு சொல்லுதாம்கா."

அக்கா பிரஷ்ஷை வாங்கி மறுபடி உறையில் சுற்றினார். சுற்றுவதற்கு வெகுநேரம் ஆனது.

பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்தார்கள். வாய்ப் புற்று. கழுத்துக்கும் இறங்கியிருந்தது. வேனில் திரும்பி வரும்போது அக்கா கேட்டார்.

"நான் தேய்ச்சதுனாலதான் வந்துச்சா?"

"இல்லக்கா. வெத்தல பாக்குனால வந்திருக்கும்னுதான் டாக்டர் சொன்னாங்க. விட்டாலும் சில பேருக்கு வருமாம்."

"அப்போ தேய்ச்சதுனால ஒன்னும் கெட்டுப்போவல?"

"நாள் போச்சுக்கா" என்றேன்.

"தெனமும் அது நிப்பாட்டு நிப்பாட்டுன்னுதான் கத்திக்கிட்டு இருந்துச்சா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வீடு நெருங்கும்போது என் முழங்கையைப் பிடித்தார். "தங்கச்சி, ஒன்னு கேக்கறேன். பெரியக்காகிட்ட வெத்தலன்னு மட்டும் சொல்லிறாத. கையெடுத்துக் கும்பிடறேன். வேற என்னா வேணும்னாலும் சொல்லு. பசிக்குதுன்னு அழுதேன், குடுத்துச்சு. அதுகிட்ட வேற ஒன்னும் இல்ல குடுக்க. தெரிஞ்சா செத்துரும்."

சொல்லமாட்டேன் என்றேன்.

அறுவை செய்து தாடையில் பாதியையும் நாக்கில் கொஞ்சத்தையும் எடுத்தார்கள். தொடையிலிருந்து சதை வெட்டிக் கன்னத்தை மூடினார்கள். மூக்கு வழியாகக் குழாயில் பால். பேச்சு போய்விட்டது, தொண்டையிலிருந்து காற்று மாதிரி ஒரு சத்தம் மட்டும் வரும். மகள் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து கூடவே இருந்தாள். குளியலறைக் குவளையில் நின்ற கரண்டு பிரஷ்ஷை அவள் ஒரு நாள் அழுதுகொண்டே குப்பையில் போட்டாள். அக்கா எழுந்து போய்க் குப்பையிலிருந்து எடுத்து, கழுவி, மறுபடி குவளையில் வைத்தார்.

நான் பார்க்கப் போகும்போது அதைக் கொண்டுவரச் சொல்லிச் சைகை காட்டுவார். பொத்தானைத் தட்டி என் புறங்கையில் வைப்பார். அமுக்குவார், சிவப்பு எரியும். எடுப்பார், பச்சை. அமுக்குவார், சிவப்பு. பிறகு விரலால் தன் நெற்றியில் தட்டிக்கொண்டு, மடச்சி என்பது மாதிரித் தலையை ஆட்டி, கண்ணால் சிரிப்பார். பழக்கதோஷத்தில் கை வாய்க்குப் போகும். அங்கே கட்டுத்துணி இருக்கும். எனக்கு அவரை அறையலாம் போலவும் இருக்கும், கட்டிக்கொள்ளலாம் போலவும் இருக்கும். இரண்டும் செய்யாமல் வேன் சாவியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பிறகு கழுத்தின் மறுபக்கமும் வந்தது. ஆடி முடிவதற்குள் போய்விட்டார்.

அடுக்குமாடியின் கீழ்க்கூடத்தில் கிடத்தியிருந்தோம். குளிப்பாட்டி, அந்த மெரூன் பட்டுப்புடவையையே கட்டினோம். வாய்க்கரிசிக்கு முன்னால் சுங்கை சிப்புட்டிலிருந்து பெரியக்கா வந்து சேர்ந்தார். ஒடுங்கிப்போன உடம்பு, வாயில் பல் இல்லை, கையில் ஒரு சின்ன இடிகல். வந்த வேகத்தில் தங்கையின் தலைமாட்டில் உட்கார்ந்தார். அழவில்லை. மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார், சுண்ணாம்பு தடவினார், பாக்கோடு இடிகல்லில் போட்டு இடிக்க ஆரம்பித்தார். எங்கள் வழக்கம் அது, போகிறவர் வாயில் வெற்றிலை இடித்து வைப்பது. டொக், டொக் என்ற அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

மகள் என்னைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

"பெரிம்மா, வேணாமே" என்றாள்.

"ஏன் வேணாம்? இத்தன வருஷம் டவுனுல வெத்தல இல்லாமயே கெடந்துச்சு என் தங்கச்சி. கடைசியில சோறும் இல்லாம, குழாயில குடிச்சிக்கிட்டுக் கெடந்துச்சு. பசியோட போவக் கூடாதும்மா. மொதல்ல இதோட வாயில நான்தான் வெச்சேன். கடைசியும் நான்தான் வைக்கணும்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அந்த இடிகல்லைப் பிடுங்கி வீச வேண்டும் போல இருந்தது. இதுதான் கிழவி, இதே கருமம்தான் அவளைத் தின்றது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாழ்க்கையில் ஒரு வார்த்தையை விழுங்கிப் பழகாதவள் நான். அன்றைக்கு விழுங்கினேன். முழங்கையில் அக்காவின் பிடி இன்னும் இருப்பது மாதிரி இருந்தது.

"குடுங்க பெரியக்கா. ஒங்களுக்குக் கை நடுங்குது. நான் வெச்சுடறேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். இடித்த வெற்றிலையை இடது கையில் வாங்கி மூடிக்கொண்டேன். வலது கையில் ஈரத்துணி. குனிந்து, பெரியக்காவுக்கு மறைவாக என் உடம்பால் மறைத்துக்கொண்டு, கோணிப்போன அந்த உதட்டை, தையல் ஓரத்தை, துணியால் ஒற்றினேன். "அமுக்காதீங்க சித்தி" என்றாள் மகள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அமுக்கவில்லை.

"வெச்சுட்டியா?" என்று கேட்டார் பெரியக்கா.

"வெச்சாச்சு."

"நல்லா ஒதுக்கி வெச்சியா, கன்னத்துல?"

"ஆமா பெரியக்கா. கன்னத்துலதான்."

அப்போதுதான் அந்த அம்மாள் அழுதார்.

கை அலம்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டு மேலே அக்கா வீட்டுக்குப் போனேன். குளியலறையில் கையைத் திறந்தேன். வியர்வையில் ஊறி, உள்ளங்கை முழுக்கச் சிவப்பு. வெற்றிலையைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டுச் சோப்புப் போட்டேன். போகவில்லை. அக்கா தரை தேய்க்க வைத்திருந்த பழைய பிரஷ் தொட்டிக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்து அமுக்கித் தேய்த்தேன். இன்னும் சிவந்தது. இன்னும் அமுக்கினேன். தோல் எரிந்தது. குவளையில் அந்தக் கரண்டு பிரஷ் நின்றுகொண்டிருந்தது.

"நிப்பாட்டு லா" என்று என்னை நானே அதட்டினேன். குழாயை மூடிவிட்டுக் கீழே இறங்கி, சிவந்த கையோடுதான் அக்காவுக்கு வாய்க்கரிசி போட்டேன்.